வேட்டையனுக்குப் பிறகும் கவின்: சின்னத்திரைப் புகழ் பற்றி ஒரு பாடம்



ஒரு சின்ன டெஸ்ட்டோட ஆரம்பிக்கலாம். உங்க வீட்டுல மூணு பேர்கிட்ட "வேட்டையன்னா யாரு?"ன்னு கேட்டுப் பாருங்க. மாமா 'சந்திரமுகி' படத்து ராஜான்னு சொல்லுவார். ஸ்கூல் படிக்கிற தம்பி 2024ல் வந்த ரஜினி படம்னு சொல்லுவான். ஆனா 2014, 2015 வாக்கில் ப்ளஸ் டூவோ காலேஜோ படிச்ச அக்கா இருந்தா, லேசா சிரிச்சுக்கிட்டே, "சரவணன் மீனாட்சி கவின்டா"ன்னு சொல்லுவாங்க.

அந்தச் சிரிப்பைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. அது எப்படி உருவாச்சு, அதைச் சம்பாதிச்ச ஆளுக்கு அது எவ்வளவு நாள் சோறு போட்டுச்சு, சீரியல் முடிஞ்ச மறுநாள் அந்த ஆள் என்ன பண்ணினார்னு வரிசையா பார்க்கப் போறோம். நம்மில் பாதிப் பேர் ரீல்ஸ் போடுறோம், மீதிப் பேர் கல்ச்சுரல்ஸ் மேடையில கைதட்டு வாங்கியிருக்கோம். அதனால இது வெறும் சினிமாச் செய்தி இல்ல, நமக்கும் சிலபஸ்ல இருக்கிற பாடம்தான்.

டீன் ஐடல்னா யார்?

பதின்வயதுப் பிள்ளைகள் மனசுல போட்டோ மாட்டி வெச்சுக்கிற நடிகரையோ பாடகரையோ உலகம் முழுக்க 'டீன் ஐடல்'னு சொல்றாங்க. தமிழில் கனவு நாயகன்னு வெச்சுக்கலாம். இதில் டி.வி. வழியா வர்ற கனவு நாயகன் கொஞ்சம் தனி ரகம். சினிமா ஹீரோவைப் பார்க்க நாம போகணும். டி.வி. ஹீரோ நம்மைத் தேடி வீட்டுக்கு வருவார். அதுவும் தினமும், அதே நேரத்துக்கு.

நம்ம கந்தர்வக்கோட்டையை எடுத்துக்கோங்க. தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவுல இருக்கிற ஊர். புதுப்படத்தை நல்ல தியேட்டர்ல பார்க்கணும்னா பெரும்பாலும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பஸ் ஏறணும். பஸ் காசு, டிக்கெட் காசு, கூட வர்றதுக்கு ஆள், திரும்பி வர்றதுக்குள்ள இருட்டிடுமேங்கிற பயம். முந்திரிக்காட்டு வழியா நடந்து வீட்டுக்குப் போற ஊர்ப்பிள்ளைகளுக்கு, அதுவும் பொண்ணுங்களுக்கு, வீட்டுல பெர்மிஷன் கிடைக்கிறதே பெரிய பாடு. டி.வி.க்கு இது எதுவுமே வேணாம்.

அந்த டி.வி. வீட்டுக்கு வந்ததுக்கும் ஒரு கணக்கு இருக்கு. 2006 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. 14 அங்குல டி.வி. கிராமத்துக் குடிசைக்குள்ளேயும் நுழைந்தது. அதே 2006ல் விஜய் டி.வி.யில் 'கனா காணும் காலங்கள்' வந்தது. மாமியார் மருமகள் சண்டை இல்லாம, ஸ்கூல் பிள்ளைகளோட நட்பு, காதல், பரீட்சை பயம்னு எடுத்த தொடர். அதுவரை சீரியல்னா அம்மாவுக்கும் பாட்டிக்கும்தான்னு இருந்தது. இது யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகளை டி.வி. முன்னாடி உட்கார வைத்தது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுக்க ஆரம்பித்ததும், கேபிள் கட்டணம் கூலி வீட்டுக்கும் கட்டுப்படியாகும் செலவாக மாறியது.

ஆக, ஒரு கனவு நாயகன் உருவாக நடிகரோட முகம் மட்டும் போதாது. பெட்டி வேணும், வயர் வேணும், மாசாமாசம் கட்ட முடியுற பில் வேணும். இந்த மூணும் தமிழ்நாட்டுல ஒண்ணு சேர்ந்த நேரத்துலதான் கவின் உள்ளே வர்றார்.

திருச்சிப் பையன்

கவின் 1990ல் பிறந்தவர். திருச்சியில் வளர்ந்து, சென்னை லயோலா கல்லூரியில் வேதியியல் படித்தார். 2011ல் 'கனா காணும் காலங்கள்' தொடரின் கல்லூரிக் கதையில் நடிக்க வந்தார். கல்லூரிப் பையனாகவே டி.வி.க்குள் வந்ததால் பார்க்கிறவர்களுக்கு 'நம்ம சீனியர் மாதிரி இருக்காரே'ன்னு தோணியது. 2012ல் வந்த 'பீட்சா' படத்திலும் ஒரு சின்ன வேடம் உண்டு. மறுபடி பார்த்தால் தேடிக் கண்டுபிடிக்கணும்.

பெரிய திருப்பம் 'சரவணன் மீனாட்சி' இரண்டாம் பாகம். 2013ல் தொடங்கி 2016 வரை ஓடிய தொடர். அதில் வேட்டையனாக வந்த கவினும் மீனாட்சியாக வந்த ரச்சிதாவும் அந்தக் காலத்துல வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்தார்கள். 

இப்போ நாம இன்ஜினியரிங் ஸ்டூடன்ட்ஸ், கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளம்பரத்தைக் கழிச்சா ஒரு எபிசோடு சுமார் 20 நிமிஷம்னு வைப்போம். வாரம் 5 நாள்னா 100 நிமிஷம். வருஷத்துக்கு 50 வாரம்னா 5000 நிமிஷம், அதாவது 83 மணி நேரத்துக்கு மேல. ஒரு சினிமா இரண்டரை மணி நேரம்னா, ஒரே வருஷத்துல 33 படத்துக்குச் சமமான நேரம் அந்தத் தொடர் உங்க வீட்டு ஹாலில் ஓடியிருக்கு. வருஷத்துக்கு 33 படம் நடிக்கிறது எந்த சூப்பர் ஸ்டாருக்கும் லேசான காரியம் இல்ல. டி.வி. நடிகர் மேல வர்ற பாசம் ஏன் சொந்தக்காரப் பையன் மேல வர்ற பாசம் மாதிரி இருக்குன்னு இப்போ புரியும். ஊர்ல உங்களைப் பார்த்தா "என்ன தம்பி, சாப்பிட்டியா"ன்னு கேட்கிற பாட்டி, அந்த நடிகரைப் பார்த்தாலும் அதையே கேட்பாங்க.

இந்தப் பாசத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. "வீட்டுல சும்மா பார்க்கிற முகத்துக்கு யாரு டிக்கெட் எடுப்பாங்க?" இது சினிமாக்காரங்க ரொம்ப காலமா சொல்லிக்கிட்டு இருக்கிற ஒரு வாதம். சீரியல் ஹீரோக்கள் பெரிய திரை வாசலில் கேட்கிற முதல் கேள்வியே பெரும்பாலும் இதுதான்.

புகழ் யார் பேர்ல ரிஜிஸ்டர் ஆகியிருக்கு?

பாடத்தோட முக்கியமான இடம் இதுதான், கொஞ்சம் நிதானமா படிங்க.

'சரவணன் மீனாட்சி' முதல் பாகம் 2011ல் வந்தது. ஹீரோ, ரேடியோவிலிருந்து வந்த மிர்ச்சி செந்தில். இரண்டாம் பாகத்தில் கவின். 2016ல் மூன்றாம் பாகம் வந்தபோது ஹீரோ ரியோ ராஜ். தலைப்பு ஒண்ணுதான், சேனல் ஒண்ணுதான். இரண்டாம் பாகத்துக்கும் மூன்றாம் பாகத்துக்கும் ஹீரோயின்கூட அதே ரச்சிதாதான். மாறியது ஹீரோ மட்டும். ஜனங்க கொஞ்ச நாள் முனகினாங்க, அப்புறம் ரியோவையும் ரசிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

இதுக்கு என்ன அர்த்தம்? வேட்டையன்ங்கிற பேரு கவினோடது இல்ல. அந்தக் கதாபாத்திரம், டைட்டில் மியூசிக், ஒளிபரப்பு நேரம், தலைப்பு எல்லாமே சேனலோட சொத்து. நடிகர் அதில் வாடகைக்குக் குடியிருக்கிறவர். வாடகை வீட்டை எவ்வளவு அழகா பெயின்ட் அடிச்சு வெச்சிருந்தாலும், காலி பண்ணும்போது சுவரைக் கழட்டிக்கிட்டுப் போக முடியாது இல்லையா?

அந்த வீட்டை நடத்துறது டி.ஆர்.பி. வாராவாரம் ரேட்டிங் வரும். எண்ணிக்கை இறங்கினா கதை திரும்பும், புது கேரக்டர் வரும், பழைய கேரக்டர் வெளியூர் போயிடும். சீரியலில் சம்பளமும் பொதுவா நாள் கணக்குதான். எத்தனை நாள் கால்ஷீட்டோ அத்தனை நாள் காசு. கேரக்டர் வெளியூர் போனா வருமானமும் கூடவே வெளியூர் போயிடும்.

வேலையும் லேசு இல்ல. சினிமாவில் ஒரு நாளைக்கு இரண்டு மூணு நிமிஷக் காட்சி எடுத்தாலே நல்ல வேலைன்னு சொல்லுவாங்க. சீரியலில் கிட்டத்தட்ட ஒரு எபிசோடையே ஒரு நாளில் முடிச்சாகணும். வசனத்தைப் படிச்ச உடனே மனப்பாடம் பண்றது, ஒரே டேக்கில் முடிக்கிறது, ராத்திரி வரைக்கும் முகம் வாடாம நிற்கிறது, இதெல்லாம் சீரியல் சொல்லித் தர்ற பெரிய பாடம். அதே சீரியல் சில பழக்கத்தையும் ஒட்டி விட்டுடும். ஒரு அதிர்ச்சிக்கு மூணு தடவை முகத்தைத் திருப்புறது, கண்ணை விரிச்சுக்கிட்டு விளம்பர இடைவேளைக்காகக் காத்திருக்கிறது! பெரிய திரையில் அது செல்லாது. பழகினதை மறக்கவும் ஒரு பயிற்சி தேவைப்படும்.

கடல் தாண்டி ஒரு கதை: டேவிட் காசிடி

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உள்ள விஷயமான்னு கேட்டா, இல்ல. டி.வி. கனவு நாயகன்னா உலகமே முதலில் சொல்ற பேர்களில் ஒண்ணு அமெரிக்காவின் டேவிட் காசிடி. 1950ல் பிறந்தவர். 1970ல் ஏ.பி.சி. சேனலில் 'தி பார்ட்ரிட்ஜ் ஃபேமிலி' என்ற தொடர் ஆரம்பித்தது. ஒரு குடும்பமே சேர்ந்து பாட்டுக் குழு நடத்துற கதை. மூத்த பையன் கீத் வேடத்தில் காசிடி. அவருடைய சித்தி ஷெர்லி ஜோன்ஸ்தான் அதில் அம்மா. அதே ஆண்டு அந்தக் குழுவின் பெயரில் வந்த பாட்டு அமெரிக்காவில் முதல் இடத்தைப் பிடித்தது. இருபது வயசுப் பையன், ஒரே வருஷத்துல உலகப் புகழ்.

ஆனா அவர் முகத்தைப் போட்டு விற்ற பொருளுக்கெல்லாம் காசு வேற இடத்துக்குப் போச்சு. அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது அங்கே சட்டப்படி மேஜர் வயசு ஆகலைன்னு அவருடைய மேனேஜர் பின்னாடிதான் கண்டுபிடிச்சார். அதை வெச்சுத்தான் புது ஒப்பந்தம் பேசி, நல்ல சம்பளத்துக்கு வழி பண்ணினாங்க.

'நல்ல பிள்ளை' இமேஜ் அவருக்கு மூச்சு முட்டியது. 1972ல் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகைக்கு, அந்த இமேஜை உடைக்கிற மாதிரி சட்டையில்லாமல் போஸ் கொடுத்தார். பெரிய பரபரப்பு. ஆனாலும் ஜனங்க அவரை கீத்தாகத்தான் பார்த்தாங்க. 1974 மே மாதம் லண்டன் ஒயிட் சிட்டி மைதானத்தில் நடந்த அவருடைய கச்சேரியில் கூட்டம் நெருக்கியடித்து, 14 வயது ரசிகை ஒருவர் நசுங்கி, சில நாளில் இறந்துபோனார். தொடரும் அந்த வருஷமே முடிந்தது. அவர் சுற்றுப்பயணங்களை விட்டு ஒதுங்கினார்.

பிற்காலத்தில் மேடை நாடகங்களில் நன்றாகவே நடித்தார். ஆனால் குடிப்பழக்கம் விடவில்லை. 2015ல் திவால் மனு கொடுத்தார். 2017 நவம்பரில் 67 வயதில் கல்லீரல் செயலிழந்து இறந்தார். இருபது வயசுல கிடைச்ச பேரை, மிச்ச வாழ்க்கை முழுக்கக் கழட்ட முடியாம சுமந்தவர்னு அவரைச் சொல்லலாம்.

இதைச் சொன்னது பயமுறுத்த இல்ல. சீரியல் முடியுறது யாருக்கும் தவறாது. முடிஞ்ச பிறகு என்ன செய்றோம்ங்கிறதுல மட்டும்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். இப்போ கவின் கதைக்குத் திரும்புவோம்.

2016 முதல் 2023 வரை: அந்த ஏழு வருஷம்

வேட்டையன் வேடம் முடிஞ்சப்போ கவினுக்கு 26 வயசு. 'டாடா' வெற்றி வந்தப்போ 32. நடுவுல என்ன நடந்ததுன்னு வரிசையா பாருங்க.

2017: 'சத்ரியன்' படத்தில் துணை வேடம். விக்ரம் பிரபு ஹீரோ. கதை நடக்கிற ஊர் திருச்சி. வீட்டு ஹாலில் ஹீரோவாக இருந்தவர், சொந்த ஊர்க் கதையில் ஹீரோ பக்கத்தில் நின்றார்.

2019 மே: 'நட்புனா என்னானு தெரியுமா'. கவின் ஹீரோவாக நடித்த முதல் படம். பெரிதாக ஓடவில்லை.

2019 ஜூன்: 'பிக் பாஸ்' மூன்றாவது சீசனுக்குள் போனார். சினிமாவில் ஹீரோவாக வந்த அடுத்த மாதமே மறுபடி டி.வி. இறுதிக்கு சில நாள் இருக்கும்போது, 5 லட்ச ரூபாய் எடுத்துக்கிட்டு வெளியே போகலாம்னு ஒரு வாய்ப்பு கொடுத்தாங்க. அதை எடுத்துக்கிட்டு வெளியே வந்தார். அந்த சீசனின் பட்டம் மலேசியத் தமிழர் முகேனுக்குப் போனது.

அதன் பிறகு: இயக்குநர் நெல்சனிடம் 'டாக்டர்' படத்தில் உதவி இயக்குநர் வேலை. நெல்சனும் விஜய் டி.வி.யில் நிகழ்ச்சிகள் இயக்கி வந்தவர்தான்.

2021 அக்டோபர் 1: 'லிஃப்ட்'. ஐ.டி. கம்பெனிக்குள் நடக்கும் பேய்க்கதை. கவின்தான் ஹீரோ. தியேட்டருக்கு வராமல் நேராக ஹாட்ஸ்டாரில் வந்தது.

2021 அக்டோபர் 9: 'டாக்டர்' தியேட்டரில் வந்தது. கொரோனாவுக்குப் பிறகு ஜனங்களைத் திரும்பத் தியேட்டருக்குக் கூட்டி வந்த படங்களில் ஒன்று.

2022: 'ஆகாஷ் வாணி' இணையத் தொடர்.

2023 பிப்ரவரி 10: 'டாடா'. அறிமுக இயக்குநர் கணேஷ் கே. பாபு. காலேஜ் படிக்கும்போதே அப்பாவாகி, தனி ஆளாகக் கைக்குழந்தையை வளர்க்கிற பையனாக கவின். படம் ஓடியது. 'சீரியல் கவின்' என்ற அடைமொழி அதோடு போய்விட்டது.

இந்தப் பட்டியலில் நான் அடிக்கோடு போட்டுக் காட்ட விரும்புறது பிக் பாஸையோ டாடாவையோ இல்ல, உதவி இயக்குநர் வேலையை. தமிழ்நாடு முழுக்க முகம் தெரிஞ்ச ஒரு ஆள், கேமராவுக்குப் பின்னாடி போய் நின்னு, இன்னொரு ஹீரோவுக்கு ஷாட் ரெடியான்னு பார்க்கிற வேலை. அந்த வேலைக்கு லைக் கிடையாது. ஆனா ஒரு காட்சியை ஏன் இப்படி எழுதுறாங்க, எங்கே வெட்டுவாங்க, எதுக்கு ஹீரோ அமைதியா இருக்கணும்னு உள்ளே இருந்து பார்க்கிற வாய்ப்பு அங்கேதான். கதாபாத்திரம் சேனலோடது. கத்துக்கிட்ட வேலை நம்மோடது. அதை யாரும் மூன்றாம் பாகத்துல மாத்தி விட முடியாது.

அதுக்குப் பிறகு அவர் தேர்ந்தெடுத்த வேடங்களையும் கவனிங்க. 'டாடா'வில் கைக்குழந்தையோடு திண்டாடுகிற அப்பா. 2024 மே மாதம் வந்த 'ஸ்டார்' படத்தில் நடிகனாகணும்னு துடிக்கிற நடுத்தர வீட்டுப் பையன், விபத்தில் முகத்தில் தழும்பு விழுந்துவிடும். 2024 தீபாவளிக்கு வந்த 'பிளடி பெக்கர்' படத்தில் அழுக்கு முகத்தோட பிச்சைக்காரன். எந்த முகத்தைப் பார்த்து ஒரு தலைமுறை ரசிச்சதோ, அந்த முகத்தை அவரே கலைச்சுப் பார்க்கிறார். காசிடி இமேஜை ஒரே போட்டோவில் உடைக்கப் பார்த்தார், நடக்கல. கவின் படம் படமா, வேலை வழியா செய்யுறார். எல்லாப் படமும் ஜெயிக்கல, ஆனா 'வேட்டையனா?'ன்னு இப்போ யாரும் கேட்கிறதில்ல.

நம்ம மாவட்டம் திறந்து விட்ட ஒரு கதவு

இதே சேனலில் இருந்து, இதே திருச்சியில் இருந்து, இன்னொரு பாதையில் போனவர் சிவகார்த்திகேயன். 1985ல் சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரியில் பிறந்து, திருச்சியில் படித்தவர். ஜே.ஜே. காலேஜில் நம்மை மாதிரியே இன்ஜினியரிங். கல்ச்சுரல்ஸில் மிமிக்ரி பண்ணிக்கிட்டு இருந்தவர், 'கலக்கப் போவது யாரு' மேடையில் ஜெயித்தார். பிறகு 'அது இது எது' தொகுப்பாளர்.

ஒரு வித்தியாசத்தைக் கவனிங்க. கவினுக்கு டி.வி.யில் கிடைச்சது ஒரு கதாபாத்திரத்தின் பெயர். சிவகார்த்திகேயனுக்குக் கிடைச்சது அவரோட சொந்தப் பெயர். தொகுப்பாளர் தன் பேர்லயே வர்றார், தன் நகைச்சுவையைத்தான் சொல்றார். அதனால சேனலை விட்டு வந்தபோது பேரையும் கூடவே எடுத்துக்கிட்டு வர முடிஞ்சது. ஒருத்தருக்கு ஏழு வருஷம் ஆச்சு, இன்னொருத்தர் சீக்கிரமே கடந்தார்னா, திறமை மட்டும் காரணம் இல்ல. இந்த அமைப்பு வித்தியாசமும் ஒரு காரணம்.

அவருக்கு ஹீரோவாக முதல் வாய்ப்பு கொடுத்த படம் 2012 பிப்ரவரியில் வந்த 'மெரினா'. இயக்குநர் பாண்டிராஜ், நம்ம புதுக்கோட்டை மாவட்டம் விராச்சிலைக்காரர். அதுக்கு முன்னாடி 2009ல் சொந்த ஊரிலேயே எடுத்த 'பசங்க' படத்தில், சினிமா வாசனையே தெரியாத பிள்ளைகளை நடிக்க வெச்சு, தேசிய விருது வரைக்கும் கூட்டிட்டுப் போனவர். பெரிய பேர் இருக்கான்னு பார்க்காம, வேலைக்குச் சரியா இருப்பானான்னு பார்த்த கண் அது. மேடையில் ஜெயிச்சவனுக்கு அடுத்த படி ஏற, இப்படி ஒரு கண்ணும் தேவைப்படுது. அது அதிர்ஷ்டம்தான், மறுக்க வேணாம். ஆனா அந்தக் கண் நம்மைப் பார்க்கிற அன்னைக்கு நாம தயாரா இருக்கணும்ல?

2024 அக்டோபர் 31, தீபாவளி. அன்னைக்கு ஒரே நாளில் சிவகார்த்திகேயனின் 'அமரன்', கவினின் 'பிளடி பெக்கர்' இரண்டும் தியேட்டருக்கு வந்தன. முதல் படம் மிகப்பெரிய வெற்றி. இரண்டாவது எதிர்பார்த்த அளவு போகவில்லை. ஆனா யோசிச்சுப் பாருங்க: விஜய் டி.வி. ரிமோட்டில் ஒரு பட்டனில் இருந்த இரண்டு பேர், தீபாவளி ரிலீஸ் போஸ்டரில் பக்கத்துப் பக்கத்துச் சுவரில். 'சும்மா பார்க்கிற முகத்துக்கு யாரு டிக்கெட் எடுப்பாங்க'ங்கிற கேள்விக்கு இதுதான் பதில். முகத்துக்கு மட்டும்னா எடுக்க மாட்டாங்க. வேலைக்கு எடுப்பாங்க.

பொண்ணுங்களுக்கு இந்தக் கதவு?

நேர்மையா சொல்லணும்னா, இன்னும் கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கு. சீரியல் ஹீரோயினுக்கு அடுத்த வாய்ப்பும் பெரும்பாலும் இன்னொரு சீரியலாகத்தான் வருது. ஆனாலும் கடந்தவங்க இருக்காங்க. பிரியா பவானி சங்கர் இன்ஜினியரிங் படிச்சவங்க. 'புதிய தலைமுறை'யில் செய்தி வாசிச்சு, 2014ல் 'கல்யாணம் முதல் காதல் வரை' தொடரில் நடிச்சு, 2017ல் 'மேயாத மான்' வழியா சினிமாவுக்கு வந்தாங்க. 'தெய்வமகள்' தொடரில் பல வருஷம் நடிச்ச வாணி போஜன், 2020ல் 'ஓ மை கடவுளே' படத்தில் கவனம் பெற்றாங்க. இவங்களும் சீரியலை ஒரு படியாத்தான் வெச்சுக்கிட்டாங்க, அதிலேயே நின்னுடல.

சரி, நமக்கு என்ன பாடம்?

இப்போ டி.வி. பெட்டி இடத்துல போன் வந்தாச்சு. 'கனா காணும் காலங்கள்' கூட 2022ல் ஹாட்ஸ்டாரில் புது வடிவத்துல வந்துச்சு. கனவு நாயகன் ஆக சேனல் வேணாம், ஒரு ரீல் வைரலானா போதும். கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சுக்கிட்டே லட்சம் வியூஸ் வாங்கலாம். ஆனா கணக்கு மாறல. அன்னைக்கு டி.ஆர்.பி., இன்னைக்கு அல்காரிதம். அன்னைக்கு சேனல், இன்னைக்கு ஆப். வாடகை வீடு அதேதான்.

அதனால நாலு விஷயம் குறிச்சு வெச்சுக்கோங்க.

ஒண்ணு, எது நம்மோடது எது அவங்களோடதுன்னு பிரிச்சுத் தெரிஞ்சுக்கணும். ஃபாலோயர்ஸ் எண்ணிக்கை அந்த ஆப்போடது. எழுதுறது, எடிட் பண்றது, பேசுறது, நடிக்கிறது நம்மோடது. முதலாவது ஒரே ராத்திரியில் போகலாம். இரண்டாவது போகாது.

இரண்டு, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி படிங்க. விளம்பரம், குறும்படம், யூடியூப் சேனல்னு யாராவது பேப்பர் நீட்டினா, உங்க முகத்தையும் பேரையும் எவ்வளவு காலம், எதுக்கெல்லாம் பயன்படுத்துவாங்கன்னு பாருங்க. நம்ம நாட்டுச் சட்டப்படி 18 வயசு ஆகாதவங்க போடுற ஒப்பந்தம் செல்லாது. ஃபர்ஸ்ட் இயர்ல இன்னும் 18 முடியாதவங்க நிறைய பேர் இருக்கீங்க. அப்பா அம்மாகிட்ட காட்டாம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. காசிடி கதையை மறக்காதீங்க.

மூணு, கைதட்டு நின்ன நாள்ல செய்ய ஒரு வேலை வெச்சுக்கோங்க. கல்ச்சுரல்ஸில் ஆடுறவங்க லைட்டிங் எப்படி செட் பண்றாங்கன்னு ஒரு நாள் நின்னு பாருங்க. நடிக்கிறவங்க எடிட்டிங் கத்துக்கோங்க. மேடைக்குப் பின்னாடி கேபிள் சுத்தறது கேவலம் இல்ல. அரியர் இருந்தா அதையும் முடிச்சுடுங்க பாஸ். டிகிரி கனவுக்கு எதிரி இல்ல. அடுத்த வாய்ப்பு வர்ற வரைக்கும் வாடகை கட்ட அது உதவும்.

நாலு, இது ரசிகர்களுக்கு. பதினாறு வயசுல ஒரு நடிகரைப் பிடிக்கிறது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்ல. வெளியே போக பெர்மிஷன் இல்லாத வீட்டுல, தினமும் 20 நிமிஷம் ஒரு வேற உலகத்தை அந்த அக்காவுக்குக் காட்டினவர் அவர். ஆனா திரையில பார்த்தது கதாபாத்திரம். அந்த ஆளுக்கும் தோல்வி இருக்கும், கடன் இருக்கும், தூக்கம் வராத ராத்திரி இருக்கும். படம் ஓடலைன்னா கமென்ட்ல போய்க் கிழிக்கிறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை நினைச்சுக்கோங்க. கூட்டத்துல முண்டியடிச்சுப் போய்ப் பார்க்கிற அளவுக்கு எந்த முகமும் உயிரைவிடப் பெரிசு இல்ல.

நண்பர்களோட பேசிப் பார்க்க மூணு கேள்வி

1. உங்க அக்கவுன்ட் நாளைக்குக் காலையில டெலீட் ஆயிடுச்சுன்னா, உங்ககிட்ட மிச்சம் இருக்கிற திறமைன்னு எதைச் சொல்லுவீங்க?

2. எல்லாருக்கும் முகம் தெரிஞ்ச பிறகு, அதே துறையில ஒரு உதவியாளரா வேலைக்குச் சேர உங்களால முடியுமா? எது தடுக்கும்?

3. உங்க கிளாஸ்ல, மேடை ஏறாத ஆனா நல்லா வேலை தெரிஞ்ச ஒருத்தர் யார்? அடுத்த கல்ச்சுரல்ஸுக்கு நீங்க பாண்டிராஜ் இடத்துல இருந்தா, அவருக்கு என்ன வாய்ப்பு கொடுப்பீங்க?

மூணாவது கேள்விக்கு ஒரு பேர் உடனே மனசுல வந்துச்சுன்னா, தள்ளிப் போடாதீங்க. நாளைக்கு காலேஜ் பஸ்ல அவர் பக்கத்துல உட்கார்ந்து பேச ஆரம்பிங்க.